டேங்கின் முதுகில் ஒட்டிய தாள்

மெர்ல் ஹாக்ஸ்டாட் முப்பத்தைந்து வருஷம் பல் டாக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் திறக்கச் சொல்லிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. அப்போது வாய், இப்போது காரின் பானெட். ராக்ஃபோர்டில் பழைய கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் சங்கத்தில் அவர் ஒரு நடுவர். டார்ச்சும் கையுமாக அவர் குனிந்தால் வண்டிக்காரர் போகப்போகும் மார்க்கை எண்ண ஆரம்பித்துவிடுவார். கார் ஆலையை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும்; ஒரு போல்ட் மாறியிருந்தாலும் மார்க் போச்சு.

போன வருஷம் சங்கத்தின் போட்டியில் அவருடைய உயிர் நண்பர் டுவேன் ப்ரோக்மன் முதல் பரிசான நீல நாடாவை இரண்டே மார்க்கில் கோட்டைவிட்டார். பவர் ஸ்டீயரிங் ஹோஸைக் கவ்வியிருந்த கிளாம்ப் புதுசு. நடுவராக நின்ற மெர்லைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

"ஒரு கிளாம்புக்காடா என் நாடாவப் பிடுங்குற?"

"ரூல்னா ரூல்தான் டுவேன்."

இந்த வருஷம் தன் காரைப் போட்டிக்கு விடுவது மெர்லின் முறை. அவருடைய அறுபத்தேழாம் வருஷத்துச் சிவப்பு கார்வெட்டை அதன் முதல் சொந்தக்காரி விற்றபோது, "இதை ஓட்டி ஓட்டியே என் கை கழண்டுபோச்சு" என்றாள். அவ்வளவு கனமான ஸ்டீயரிங்; பவர் ஸ்டீயரிங் கிடையாது. அடிச்சட்டத்தில் அதை மாட்டுவதற்கான துளைகளைப் பார்த்த மெர்ல், எவனோ ஒரு மெக்கானிக் கழற்றி விற்றுத் தின்றுவிட்டான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மொதல்லேர்ந்தே இல்லாம இருந்திருந்தா?" என்று மனைவி வெர்னா கேட்டாள். அவளுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்!

பவர் ஸ்டீயரிங்கின் பாகங்களை நான்கு வருஷம் தேடினார். கார் ஏப்ரலில் செய்தது என்பதால் பவர் ஸ்டீயரிங் பம்ப் அதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் செய்ததாக இருக்க வேண்டும். தேதி பம்பிலேயே குத்தியிருக்கும். ஒஹாயோவில் பம்ப் கிடைத்தது, டெக்சஸில் அதன் பிராக்கெட். சரியான கிளாம்புக்காக, முன்பின் பார்த்திராத ஒரு சங்கத்துக்காரரின் இறுதிச் சடங்குக்கே போய் வந்தார். எல்லாம் மாட்டியதும் ஸ்டீயரிங் வெண்ணெயாகத் திரும்பியது. தோள் மூட்டு தேய்ந்துபோன வெர்னா சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். நீல நாடா கிடைத்த அன்றே சாவி அவள் கையில் என்றும், டுபியூக்கில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அவளே ஓட்டிப் போகலாம் என்றும் மெர்ல் வாக்குக் கொடுத்திருந்தார். அதுவரை கார் டிரெய்லரில்தான் போகும். டயரில் மண் படக் கூடாது.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது பெட்ரோல் வாடை வந்தது. டுவேனின் ஷெட்டில் வண்டியைத் தூக்கி டேங்கை இறக்கினார்கள். டேங்கின் முதுகில் ஒரு பழுப்புத் தாள். இந்தக் காரில் என்னென்ன சேர்க்க வேண்டும் என்று ஆலையில் அச்சடித்து ஒட்டியது. பல கார்களில் அது மக்கிப் போயிருக்கும்; இருந்துவிட்டால் அதற்கு மேல் சாட்சி கிடையாது. மெர்ல் குதித்தார்.

"படிடா, படி!"

டுவேன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "ரேடியோ, இருக்கு. வெள்ளப் பட்டை டயரு, இருக்கு. பவர் ஸ்டீயரிங்..." நிறுத்தினார். "கட்டம் காலிடா."

"சரியாப் பாரு."

"நீயே பாரு. பல் டாக்டருக்குச் சொத்தை தெரியாதா?"

"அப்ப அந்தத் துளை?"

"எல்லா வண்டிக்கும் போட்ட துளைடா அது."

டுவேன் சிரிக்கவில்லை. அதுதான் மெர்லுக்குப் பயமாக இருந்தது. இந்த முறை அவர் காருக்கு நடுவரே டுவேன்தான். "நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு டேங்கை ஏற்றி மாட்டினார்.

வீட்டில் வெர்னா சுருக்கமாகச் சொன்னாள்: "கழட்டிட்டா நாடா உனக்கு, தோள்வலி எனக்கு. கழட்டலன்னா பொய். எதுவா இருந்தாலும் நான் பெட்டி கட்டியாச்சு."

மெர்ல் வெர்னாவுக்காகப் பம்பை விட்டுவைத்தார். தனக்காக வாயை மூடிக்கொண்டார். இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

போட்டி நாளன்று டுவேன் டார்ச்சோடு குனிந்தார். "பம்ப் தேதி, சரி. ஹோஸ், சரி. கிளாம்ப்..." கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். "பிரமாதம்." ஸ்டீயரிங்குக்கு முழு மார்க். மொத்தமாகக் கூட்டினால் நீல நாடாவுக்குப் போதுமானதற்கு மேலேயே இருந்தது. பிறகு மார்க் தாளை நீட்டினார். அடியில் சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டும்: இந்தக் கார் ஆலையை விட்டு வந்தபடியே இருக்கிறது.

மெர்ல் பேனாவை வாங்கினார். டுவேன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தால் அந்த வீம்பிலேயே மெர்ல் கையெழுத்துப் போட்டிருப்பார். போன வருஷம் இதே ஆளிடம் ரூல் பேசியது நினைவுக்கு வந்து காது சுட்டது.

"டேங்கு மேல ஒரு தாள் இருக்கு" என்றார். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே வந்துவிட்டது.

"எப்ப சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்." டுவேன் போட்ட மார்க்கை அடித்துவிட்டு வேறு எழுதினார். "பதினோரு மார்க் கட். பார்ட்ஸெல்லாம் சரிடா. காருதான் தப்பு."

வெர்னா பெட்டியோடு வந்து கையை நீட்டினாள். "சாவி."

"நாடா கெடைக்கலையே வெர்னா!"

"அதான் கேக்குறேன். இனிமே இதுல காப்பாத்த என்ன இருக்கு?"

ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கைச் சுழற்றி, புல்லையும் சேற்றையும் வாரிக்கொண்டு அவள் வண்டியைத் திருப்பினாள். மெர்ல் ஓடிப்போய்ப் பக்கத்துக் கதவைத் திறக்கப் பார்த்தார். அங்கே பெட்டி உட்கார்ந்திருந்தது.

"நீ டிரெய்லர எடுத்துக்கிட்டுப் பின்னால வா" என்றாள் வெர்னா.

டுபியூக் வரைக்கும் காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு, தன் காரின் டயரில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தபடியே மெர்ல் பின்னால் போனார்.