ஒலிக்காத கட்டை

வீட்டில் அவரைச் 'சின்னவர்' என்றே அழைப்பர். ஊருக்கு அவர் மெட்டமைப்பாளர். முப்பது ஆண்டுகளாகக் காலை ஒன்பது மணிக்கு அண்ணனின் ஆர்மோனியப் பட்டறைக்கு வந்து, மரத்தடுப்புக்கு இப்பால் அமர்ந்து, செய்தித்தாளை விரித்துக்கொள்வது அவர் வழக்கம். ஒரு தாளையும் புரட்டியதில்லை. தடுப்புக்கு அப்பால், பழுதுபார்த்த பெட்டியைச் சோதிப்பதற்காக அண்ணன் தம் போக்கில் எதையேனும் வாசிப்பார். அவற்றுள் சில, மாதங்கள் கழித்துத் தம்பியின் பாடல்களாக வெளிவரும்.

கேட்பவர்களிடம், "தானா வருது" என்பார் சின்னவர்.

இன்று வேலைமேசையையும் தடுப்பையும் ஓரமாக நகர்த்திவிட்டு அண்ணனின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். வண்டி வர அரைமணி நேரம் இருந்தது. சின்னவர் பழக்கத்தால் தம் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். செய்தித்தாள் இல்லாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அண்ணி மேலடுக்கிலிருந்து ஒரு பழைய ஆர்மோனியப் பெட்டியை இறக்கி அவர்முன் வைத்தார்.

"அந்தப் பாட்ட வாசிங்க தம்பி. அவர் கேக்கட்டும்."

எந்தப் பாட்டு என்று வினவ வேண்டியதில்லை. நடுவே ஒரு நொடி மௌனம் வரும் அந்தப் பாட்டுதான் அவருக்குப் பெயரும் பட்டங்களும் பெற்றுத் தந்தது. அம்மௌனம் தம் தாயை இழந்த துயரம் என்று மேடைதோறும் விளக்கியிருக்கிறார்.

வாசித்தார். மௌனத்துக்குரிய இடத்தில் விரலைத் தூக்கினார்.

"ஏன் தூக்குறீங்க? அவர் இத அமுக்கித்தான் வாசிப்பார்." அண்ணி கை நீட்டி ஒரு கட்டையை அழுத்தினார். ஓசை எழவில்லை. "இதுக்குள்ள சத்தம் குடுக்குற ரீடு செத்துக் கெடக்கு. அன்னைக்கு இந்த மெட்ட வாசிச்சுச் சோதிச்சப்பவே அப்படித்தான். உங்க பாட்டு ரேடியோவுல வந்தப்ப மனுசன் விழுந்து விழுந்து சிரிச்சார். 'மடையன், செத்த ரீடையும் சேத்து எழுதிட்டானே!'ன்னார். பெட்டிக்குச் சொந்தக்காரர் வந்தப்ப வேற பெட்டியக் குடுத்துட்டு, இதச் சரிபண்ணாம மேல வெச்சுட்டார்."

சின்னவரின் காதுமடல்கள் சூடேறின.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே, அண்ணி."

"சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னார். நீங்க வர்ற ஒம்பது மணிக்குன்னே ரெண்டு பெட்டியச் சோதிக்காம வெச்சிருப்பாரே, தெரியாதா?"

சின்னவர் அண்ணனின் முகத்தைப் பார்க்க முயன்றார். பார்வை பாதங்களுக்கு மேல் ஏறவில்லை.

வாசலில் சின்னவரின் குழுவில் வாசிக்கும் தபேலாக்காரர் கண்களைத் துடைத்தபடி நுழைந்தார்.

"வெளியில கேட்டுக்கிட்டே நின்னேன். அந்த எடத்துல நிறுத்துறீங்க பாருங்க! வேற எவனுக்குய்யா தோணும்?"

'தானா' என்ற சொல் நாவின் நுனிவரை வந்தது. அண்ணி பெட்டியின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"எனக்குத் தோணல," என்றார் சின்னவர். "அண்ணன் வாசிச்சார். நான் அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒக்காந்து ஒட்டுக்கேட்டேன். இது ஒண்ணு மட்டும் இல்ல. இனிமே கேக்குறவங்ககிட்ட இதத்தான் சொல்லப்போறேன்."

தபேலாக்காரர் அண்ணனின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

வெளியே வண்டி வந்து நின்றது. சின்னவர் மீண்டும் துருத்தியை அசைத்தார். அவ்விடம் வந்ததும் விரலைத் தூக்கவில்லை. ஒலிக்காத அந்தக் கட்டையை அழுத்திவிட்டு, அடுத்ததற்குச் சென்றார்.