கப்பலுக்குப் பழைய பெயர்

கப்பலின் பின்புறத்தில், இரண்டு கயிறுகளில் தொங்கிய பலகை மேல் உட்கார்ந்து பெயிண்டர் 'நீலமலர்' என்ற பெயரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். எழுத்து ஒவ்வொன்றும் ஆள் உயரம். கீழே துறைமுகத் தண்ணீர் எண்ணெய்ப் படலத்தோடு தளும்பியது. 'நீ' போய்விட்டது. 'ல' பாதி போனபோது கையில் ஏதோ தட்டுப்பட்டது. பெயிண்டுக்கு அடியில் விரல் பருமனுக்கு ஒரு மேடு வளைந்து வளைந்து போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு தடவினான். 'வை'.

கப்பலில் பெயர் எழுதுவதென்றால் முதலில் எழுத்தின் ஓரத்தை வெல்டிங்கில் மேடாகப் போட்டுவிட்டு, அதற்குள்தான் பெயிண்ட் அடிப்பார்கள். பெயர் மாறினால் அந்த மேட்டை கிரைண்டரால் தேய்த்து மட்டமாக்க வேண்டும்.

"டேய் ரேடியோ, போன தடவை இதைத் தேய்ச்சது யாரு?"

மேலே கம்பியில் சாய்ந்து கயிற்றைக் கவனித்துக்கொண்டிருந்த வெல்டர் எட்டிப் பார்த்தான். யாரும் கேட்காமலே உலகச் செய்தி சொல்வதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"நான்தாண்ணே. கிரைண்டர் சூடாயிடுச்சு. நீங்க மேல ரெண்டு கோட் அடிச்சா தெரியவா போகுதுன்னு விட்டுட்டேன்."

"நல்ல காரியம் பண்ணின."

"திட்டுறீங்களா, பாராட்டுறீங்களா?"

"இன்னும் முடிவு பண்ணல."

இந்த எண்ணெய்க் கப்பல் 'வைகறை' என்ற பெயரோடு வந்திருந்தபோதுதான் பெயிண்டரின் மச்சான் இதன் தொட்டிக்குள் விழுந்தான். தொட்டியைக் கழுவ இறங்கியவன் கையோடு ஏணிப்படி பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. தொடை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டார்கள், எலும்பு கோணலாகச் சேர்ந்தது. மறுபடி திறந்து தகடு வைத்தால் நேராக நடப்பான், தள்ளிப்போட்டால் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "கப்பல் கம்பெனி பார்த்துக்கும்" என்று கப்பல் ஏஜென்ட் எல்லார் முன்னாலும் சொன்னார்.

அடுத்த வாரமே, உலகத்தையே அதட்டுகிற ஒரு பெரிய நாடு, தனக்குப் பிடிக்காத ஒரு நாட்டின் எண்ணெயைச் சுமந்ததற்காக 'வைகறை'யை எந்தத் துறைமுகமும் சேர்க்கக் கூடாதென்று தள்ளி வைத்தது. அவசரமாக, ராத்திரியோடு ராத்திரியாக, மேடு போடாமல் வெறும் பெயிண்டிலேயே புதுப் பெயர் எழுதச் சொன்னார்கள். எழுதியது பெயிண்டர்தான். பிறகு ஆஸ்பத்திரி விஷயமாகப் போனபோது ஏஜென்ட் வருத்தத்தோடு சொன்னார்: "வைகறைன்னு ஒரு கப்பலே இல்லையேப்பா." மறுக்க முடியவில்லை. இல்லாமல் ஆக்கியதே அவன் கைதான்.

இப்போது அதே கப்பலுக்கு மறுபடி 'வைகறை' என்றே எழுதச் சொல்லி உத்தரவு வந்திருந்தது.

டீ குடிக்கும்போது ரேடியோ விளக்கினான். "பெரிய நாட்டுப் பெரியவருக்குக் கோபம் தணிஞ்சு போச்சுண்ணே. அவருக்குப் பிடிக்காத அந்த நாட்டு ஜனங்களுக்குச் சுதந்திரம் இல்லைன்னுதானே கோபமே."

"இப்ப சுதந்திரம் வந்துடுச்சா?"

"அது தெரியல. எண்ணெய் வந்துடுச்சு."

பெயிண்டர் டம்ளரைச் சுழற்றினான். எதையும் உடனே நம்பிவிடுகிற ஆள் இல்லை அவன். "எண்ணெய் ஒண்ணுதான் காரணம்னு எப்படிடா சொல்றது? எண்ணெயே இல்லாத ஊர் மேலயும்தான் கோபப்படுறாங்க."

"படுவாங்க. வெங்காயம் ஏத்துற கப்பலுக்கு எத்தனை தடவை பேர் மாத்தியிருக்கீங்க, சொல்லுங்க."

பெயிண்டர் யோசித்தான். "ஒரு தடவை."

"ஏன்?"

"ஓனருக்குப் பேத்தி பொறந்தா."

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. புதிதாக வெல்டிங் தேவைப்படவில்லை. பழைய மேட்டுக்குள்ளேயே வெள்ளையை நிரப்பினான். இவ்வளவு சுலபமாக ஒரு பெயரை அவன் எழுதியதே இல்லை.

வீட்டில் மச்சான் ஜன்னலோரக் கட்டிலில் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தான். அங்கிருந்து துறைமுகம் தெரியும்.

"அதே பேரா மாமா?"

"அதே பேரு. அதே மேடு மேலேயே. இனிமே இல்லைன்னு சொல்ல முடியாது மாப்ளே."

சோற்றுப் பானையை இறக்கிவைத்த மனைவிக்கு வேறு சந்தேகம். "ஏங்க, அந்தப் பெரிய நாட்டுலயே எண்ணெய் நிறைய இருக்குதாமே. அப்புறம் அடுத்தவன் எண்ணெய்க்கு எதுக்கு இவ்வளவு பாடு?"

"நம்ம வீட்டு ஓனருக்கு எத்தனை வீடு?"

"மூணு."

"நாலாவதுக்கு எதுக்கு அலையறாரு?"

அவள் தட்டை எடுத்து வைத்தாள். "அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது."

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்" என்றான் பெயிண்டர். அதையும் மனதில் வைத்துக்கொண்டான்.

காலையில் ஏஜென்ட் ஆபீசுக்குப் போனான். ஏசி குளிரில் கைமுடி சிலிர்த்தது. ஏஜென்ட் உட்காரச் சொன்னார். நாற்காலியில் வெள்ளை ஒட்டிவிடும் என்று இவன் நின்றான்.

"சார், வைகறை வந்துடுச்சு. மச்சான் ஆபரேஷன்…"

"வந்திருக்குதான். ஆனா இது வேற வைகறை."

"சார்?"

"அந்தக் கம்பெனியை மூடிட்டாங்கப்பா. இது போன மாசம் ஆரம்பிச்ச கம்பெனி. இவங்க வாங்கினது நீலமலரை. அதுக்கு வைகறைன்னு பேர் வெச்சிருக்காங்க. உன் பேர்ல இந்த ஊர்ல எத்தனை பேர் இருப்பாங்க? அவங்கள்ல ஒருத்தன் வாங்கின அடிக்கு உனக்கா கட்டுப் போடுவாங்க?"

"அதே கப்பல்தான் சார். பழைய எழுத்து அடியில அப்படியே இருக்கு. வாங்க, தொட்டுப் பாருங்க."

ஏஜென்ட் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். உண்மையிலேயே ஆர்வமாகக் கேட்டார். "தேய்க்கலையா?"

"இல்ல சார்."

"நல்லவேளை சொன்னே" என்று போனை எடுத்தார்.

மத்தியானம் ரேடியோ பலகையில் தொங்கிக்கொண்டு கிரைண்டரைப் பிடித்தான். பொறி மழையாகக் கொட்டித் தண்ணீரில் அணைந்தது. இந்த முறை சூப்பர்வைசர் கிரைண்டர் சூடாகும்போது மாற்ற இன்னொன்றும் கொடுத்து, பக்கத்திலேயே நின்றார். 'வை' மட்டமாயிற்று. 'க' மட்டமாயிற்று. 'றை'யும் மட்டமாயிற்று. ரேடியோ கிரைண்டரை நிறுத்திவிட்டு, மேலே நின்ற பெயிண்டரிடம் கேட்டான்.

"அண்ணே, வைகறையை அழிச்சிட்டு என்ன எழுதப் போறீங்க?"

"வைகறை."

புது மேடு போட்டு, பழைய இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, விடிய விடிய எழுதினான். எழுத்து நன்றாகவே வந்தது.

அந்தக் காலையிலேயே கப்பல் புறப்பட்டபோது வீடே ஜன்னலுக்கு வந்தது. பெரிய நாட்டின் போர்க்கப்பல்கள் இரண்டு வந்து, 'வைகறை'க்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகச் சேர்ந்துகொண்டன. வழியில் யாரும் கை வைத்துவிடக் கூடாதாம்.

"என்னங்க, இப்படித் தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறாங்க?" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியல மாமா, தள்ளுங்க" என்றான் மச்சான்.

வாடகை கட்ட முடியாமல் ஊன்றுகோலைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. சுவரில் சாய்த்திருந்த பெயிண்டரின், உருளை கழற்றிய நீள ரோலர் கழியைத் தலைகீழாகப் பிடித்து, வளைந்த காலைத் தரையில் உரசிக்கொண்டு அவன் நடந்தான். கழி நுனியில் வெள்ளை இன்னும் காயவில்லை. கட்டிலிலிருந்து ஜன்னல் வரை, ஊன்றிய இடமெல்லாம் வட்ட வட்டமாக விழுந்தது, கப்பலின் பெயர் எழுதிய பெயிண்ட்.