முருங்கைக்கும் சுவருக்கும் நடுவே

“ஏம்ப்பா, நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் சக்கரம் இல்ல?”

பிரின்ஸி இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. வாடகை வீடு மாறுவதற்காகச் சாமான்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் பாய்ச்சுருளின் மேல் உட்கார்ந்துகொண்டு, “இருந்தா வீட்டையே தள்ளிட்டுப் போயிரலாம்ல?” என்று விளக்கமும் சொன்னாள். இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் அம்மா ரோஸ்மேரி சிரித்த சிரிப்பு அப்பா ஆரோக்கியராஜின் காதில் இன்னும் இருக்கிறது.

பிள்ளைகள் கேட்பதை ஆண்டவர் மறப்பதில்லை போலும். பிரின்ஸி கல்யாணமாகித் தூத்துக்குடிக்குப் போய்ப் பல வருஷம் கழித்து, அவள் கேட்ட சக்கரம் வைத்த வீடு வந்து சேர்ந்தது. வந்த வீடு திருப்பூர் நல்லூரில் ஒரு சந்துக்குள் பாதியும் தெருவில் பாதியுமாக மாட்டிக்கொண்டு நின்றது.

ஆரோக்கியராஜ் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ரோஸ்மேரிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. திருப்பூர் ராயபுரத்தில் அவர்கள் இருந்ததோ மாடி வீடு, படி செங்குத்து. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்க வேண்டும். கீழ்வீடு தேடி அலைந்தார். வீடு பிடித்துப்போகும், வாடகையும் ஒத்துவரும். படுத்த படுக்கையாக ஓர் ஆள் இருக்கிறார் என்று சொன்னதும், “எங்க மச்சினன் குடி வர்றேன்னு சொல்லிட்டாருங்க” என்பார்கள். திருப்பூரில் இத்தனை மச்சினன்கள் இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அதற்குள் மாடி வீட்டுக்காரருக்கும் அந்த அறை குடோனுக்கு வேண்டியதாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் உடுமலைப் பக்கம் ஒரு தோட்டத்து விடுதியை மூடினார்கள். விருந்தாளிகள் தங்குவதற்காக அங்கே வைத்திருந்த டிரெய்லர் விலைக்கு வந்தது. வெள்ளைத் தகரப் பெட்டி. உள்ளே ஒரு கட்டில், சின்னச் சமையல் மேடை, கைப்பிடி வைத்த கக்கூஸ். ஏறுவதற்கு ஒரே ஒரு படி. அந்த ஒற்றைப் படிக்காகத்தான் ஆரோக்கியராஜ் அதை வாங்கினார்.

நிறுத்த இடம் கொடுத்தவர் வேலாத்தாள். வீட்டிலிருந்தபடியே கம்பெனித் துணிகளுக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கிறவர், கணவரை இழந்தவர். அவர் வீட்டுக்கும் அடுத்த காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஒரு வண்டி நிற்கும் அகலத்துக்குச் சந்து இருந்தது. சந்தின் வாயில் வீட்டை ஒட்டி ஒரு முருங்கை. தெருவே அதில்தான் கீரை பறிக்கும்.

“நிறுத்திக்கங்க மாஸ்டர். வாடகை கீடகைன்னு பேசக்கூடாது. மரம் மட்டும் இருக்கட்டுங்க” என்றார் வேலாத்தாள்.

“உங்க மரத்துல ஒரு இலை உதிராதும்மா. நான் அளந்துட்டேன்.”

அதுதான் அவர் கொடுத்த வாக்கு.

குண்டடத்திலிருந்து வந்த டிராக்டர்க்காரன் பிரதீப், டிரெய்லரைப் பின்பக்கமாகவே சந்துக்குள் தள்ளினான். பாதிவரை போனது. பிறகு சக்கரத்துக்கு மேலே புடைத்த இடத்தில் தகரம் கிறீச்சிட்டது. ஒரு பக்கம் முருங்கையின் அடிமரம் நெருக்கியது. மறுபக்கம் காம்பவுண்டுச் சுவரில் காரை உதிர்ந்தது.

“போவாதுங்கண்ணா” என்றான் பிரதீப். “மரம் இடிக்குது.”

“அளந்திருக்கேன் தம்பி. ரெண்டு இஞ்ச் மிச்சமே இருக்கணும்.”

“மிச்சம் எங்கீங்க இருக்குது? எனக்குக் காட்டுங்க.”

தெருவில் அதற்குள் கூட்டம். துணி மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று வழியில்லாமல் ஹாரன் அடித்தது. பைக்கில் வந்த ஒருவன், “கேரவன் வந்திருக்குதே, எந்த நடிகைங்க எறங்குறாங்க?” என்று கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள். ஆரோக்கியராஜும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அவர் வீட்டு நடிகை தெருமுனையில் ஆட்டோவுக்குள், தலையணைக்கு முட்டுக் கொடுத்துச் சாய்ந்திருந்தாள்.

காம்பவுண்டுச் சுவரின் சொந்தக்காரர் திருமூர்த்தி வெளியே வந்தார். வேலாத்தாளின் அண்ணன் மகன். பின்கட்டில் தையல் யூனிட் வைத்திருக்கிறார்.

“ஏனுங்கத்தை, சந்துக்குள்ள ஊட்டையே நுழைக்கறீங்களாட்ட இருக்குது?”

“நம்ம மாஸ்டர் ஊடு கண்ணு அது.”

“மாஸ்டருங்களா! கட்டிங் மாஸ்டருக்கே அளவு தப்புமுங்களா?”

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. ஆரோக்கியராஜ் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். அதன் தலை அறுந்து எத்தனையோ காலமாயிற்று. தகரமுனையோடு முதல் மூன்று இஞ்சும் போய்விட்டது. கட்டிங் டேபிளில் எல்லோருக்கும் தெரிந்த டேப் அது. அளந்துவிட்டு மூன்றைக் கழித்துக்கொள்வார்கள். கை தானாகவே கழிக்கும்.

சுவரிலிருந்து மரம்வரை மறுபடி அளந்தார். டேப் பாதியில் முடிந்தது. அங்கே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, அந்த இடத்திலிருந்து இரண்டாம் முறை டேப்பை வைத்தார். வைத்த விரல் அப்படியே நின்றுவிட்டது.

பனியனில் டேப்பைவிட நீளமான அளவே கிடையாது. ஒரு தடவை வைப்பது, ஒரு தடவை கழிப்பது. வாழ்நாளெல்லாம் அப்படியே பழகிய கை, இங்கே டேப்பை இரண்டு தடவை வைத்துவிட்டு, மூன்றை ஒரு தடவைதான் கழித்திருந்தது. வண்டியின் அகலம் விடுதிக்காரர்கள் எழுதிக் கொடுத்தது, அதில் தப்பில்லை. இன்னொரு மூன்று இஞ்ச் இந்தச் சந்தில் எந்த நாளும் இருந்ததில்லை.

 டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“வெளிய இழுத்தரட்டுங்களா?” என்றான் பிரதீப்.

இழுத்து எங்கே கொண்டுபோவது? மாடி வீட்டில் இந்நேரம் துணி பேல்களை அடுக்கியிருப்பார்கள். கம்பெனி வாசலில் லாரி நிற்கவே இடமில்லை. ரோட்டோரம் நிறுத்தினால் போலீஸ்காரர் எடுக்கச் சொல்வார். ஆரோக்கியராஜ் ஆட்டோவை நோக்கி நடந்தார். 

ரோஸ்மேரியின் முகத்தில் வெயில் விழுந்திருந்தது. தலையைத் திருப்ப முடியாமல் அப்படியே இருந்தாள். கையை நீட்டி அவர் மறைத்தார்.

“என்... ன... ஆச்சு?”

“கொஞ்சம் பொறு ரோசு. நுழைஞ்சிரும்.”

அவள் அவரையே பார்த்தாள். பொய்யைக் கண்டுபிடிக்க அவளுக்கு வலப்பக்கம் தேவைப்படவில்லை. “ஒதுங்க... ணும்” என்றாள். அவளை எங்கே கொண்டுபோவார்? கைப்பிடி வைத்த கக்கூஸ் அதோ கண்ணுக்கெதிரே, மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக் கிடந்தது. ‘மாதாவே, அளந்தது நான். வேதனை அவளுக்கா?’ என்று மட்டும்தான் அவரால் வேண்ட முடிந்தது.

வேலாத்தாள் பின்னாலேயே வந்திருந்தார். ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். பெண்ணுக்குப் பெண், கேட்கவேண்டியிருக்கவில்லை.

“திருமூர்த்தி, உன்ற யூனிட்ல இருந்து நாலு ஆளைக் கூப்புடு. மாஸ்டர், அந்த மரத்தை எடுத்துருங்க.”

“வேணாம்மா. நான் வாக்குக் குடுத்திருக்கேன்.”

“வாக்கு என்ற கிட்டத்தானுங்க குடுத்தீங்க? நாந்தான் சொல்றனே.”

“தெருவே கீரை பறிக்கிற மரம்மா.”

“தெருவுல ஒருத்தராச்சும் இந்த அம்மாளுக்கு ஊடு குடுத்தாங்களாக்கும்?” என்று கேட்டவர் சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டார். “ஏனுங்க, மரம் நின்னுட்டு மனுசி வெயில்ல கெடக்கறதா? சாமி கேக்காதுங்களா?”

ஆரோக்கியராஜுக்கு அரிவாளைத் தொடக் கை வரவில்லை. வேலாத்தாளே எடுத்துவந்தார். முதல் வெட்டுப் போடுமுன் அடிமரத்தை ஒருமுறை தடவினார். முருங்கை மென்மரம், அதிக நேரம் தாங்கவில்லை. சாய்ந்தபோது பூ தெருவெல்லாம் உதிர்ந்தது. ஹாரன் அடித்துக்கொண்டிருந்த டெம்போக்காரன் அடிப்பதை நிறுத்தினான்.

யூனிட்டிலிருந்து வடநாட்டு ஆட்கள் நாலைந்து பேர் வந்து தோள் கொடுத்தார்கள். திருமூர்த்தியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். வண்டி அவர் சுவரை நெடுக உரசிக்கொண்டே உள்ளே போயிற்று. ஆரோக்கியராஜ் கையைக் கூப்பினார்.

“காரை தானுங்க போச்சு, மாஸ்டர். அடுத்த தடவ கடையில நல்ல டேப்பா வாங்குங்க” என்றார் திருமூர்த்தி. அளவு தப்பிய இடம் எது என்று அவர் கண்டுகொண்டிருக்க வேண்டும். கூட்டத்தில் அதற்குமேல் ஒரு சொல் பேசவில்லை. அதையும் ஓர் உபகாரமாகவே ஆரோக்கியராஜ் எடுத்துக்கொண்டார்.

வீட்டுச் சுவர் தடுத்ததால் கதவு பாதிதான் திறந்தது. ரோஸ்மேரியைப் பக்கவாட்டில் தூக்கித்தான் ஏற்ற முடிந்தது. ஆனாலும் நேரம் கடந்துவிட்டது. அவள் சேலை நனைந்திருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வேலாத்தாள் ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, வெந்நீர் கொண்டுவரச் சொல்லித் தானே துடைத்து, தன் சேலையொன்றை உடுத்திவிட்டார். தகரம் வெயிலில் கொதித்தது. இந்தக் கோடையை இவள் எப்படித் தாங்குவாள் என்று ஆரோக்கியராஜுக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பதென்றும் தெரியவில்லை.

ரோஸ்மேரி கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள். “சக்... கரம்” என்றாள். இடப்பக்க உதடு மட்டும் லேசாக விரிந்தது.

வேலாத்தாள் மரத்தைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. கீரைக்கு வந்த பெண்களிடம், “பூச்சி உளுந்துருச்சுங்க, எடுத்துட்டேன்” என்று சொல்வது தகரச் சுவர் வழியாக ஆரோக்கியராஜுக்குக் கேட்டது. அடுத்த ஞாயிறு வேலாத்தாள் ஒரு கல்யாணத்துக்காகக் குண்டடம் போனார். திருமூர்த்தியின் யூனிட்டுக்கும் விடுமுறை. ரோஸ்மேரி பகல் தூக்கத்தில் இருந்தாள். கோயில் பூசை முடிந்து வந்த ஆரோக்கியராஜ் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, வெட்டிய மரத்திலிருந்து எடுத்து டிரெய்லருக்கு அடியில் ஈரச்சாக்கு சுற்றி வைத்திருந்த முருங்கைக் கொம்பை எடுத்தார்.

வேலாத்தாளின் வீட்டுக்கு அந்தப் பக்கம், துவைக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் குழி தோண்டினார். வேர் சுவரைத் தள்ளாதபடி தூரம் அளந்தார். டேப்பை வைத்த ஒவ்வொரு முறையும் மூன்றைக் கழித்தார். கொம்பை நட்டு மண்ணை மிதித்தார். வெட்டுவாய் காயாமலிருக்க உச்சியில் சாணியை அப்பி, கட்டிங் மீதியில் கிடைத்த பச்சைப் பனியன் துண்டால் இறுக்காமல் கட்டினார். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு, சுற்றிலும் சிந்தியிருந்த மண்ணைக் கூட்டித் தள்ளிவிட்டு, பாதிக் கதவின் வழியாகப் பக்கவாட்டில் நுழைந்து, மனைவிக்கு விசிறப் போனார்.