ஒன்பதாம் கூண்டுக் கட்டி

அன்று காலை வெறும் கையால் ஆறு எலிகளைக் கொன்றிருந்தேன். கழுத்தை அழுத்தி வாலை வெடுக்கென்று இழுத்தால் முடிந்தது. ஒன்பதாம் கூண்டு எலியின் விலாவில் மட்டும் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி. வந்திருக்கவே கூடாது. அந்த எலிக்குள் நான் செலுத்தியவை, செல்லுக்கு மூச்சு தரும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுவைப் பிடுங்கிய புற்றுநோய்ச் செல்கள். மூச்சுக்கு வழியில்லாதவை எப்படி வளரும்?

பதினொரு மணித் தேநீருக்கு எங்கள் வெலிங்டன் ஆய்வகமே கூடியிருந்தது. தலைவர் ஃபெர்கஸ் ஸ்கோன் ரொட்டியை மென்றபடி பதிவேட்டைத் தூக்கிக் காட்டினார்.

"லோசா, பிடுங்கின செல், பிடுங்காத செல் ரெண்டையும் ஒரே நாள்ல தொறந்திருக்கியே. கண்ணு பொடனியிலயா இருக்கு?"

"நடுவுல எல்லாத்தையும் தொடச்சேனே, ஃபெர்கஸ்."

"தொடச்ச லட்சணம்தான் கட்டியா நிக்குது! ரெண்டும் கலந்துபோச்சு. உன்னை மாதிரி சமோவாத் தீவுக்காரங்களுக்கு ரக்பி ஆட்டம்தான் லாயக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் விதியை மீறியது நான்தான். நிஜமாகவே கலந்துவிட்டேனோ? கலந்திருந்தால் எந்த ஆய்வகமும் இனி என்னைச் சேர்க்காது.

"கட்டியோட தாய்வழி அடையாளத்தைப் பாத்துடலாம்," என்றேன். மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து வருவது. செல்லுக்கும் எலிக்கும் அது மட்டும்தான் வேறு. கட்டியில் செல்லின் அடையாளம் வந்தால், பிடுங்காத செல் கலந்திருக்கிறது, தப்பு என்னுடையது.

"குப்பைக்கு எதுக்குடி சோதனை?" எழுந்து போய், கட்டித் துண்டு இருந்த குப்பியைத் திறந்து பிளீச்சிங் வாளிமேல் சாய்க்கப் போனார்.

குத்தினேன். மூக்கெலும்பு நொறுங்கியது என் விரல்களுக்கே தெரிந்தது. அவர் என் முடியைப் பிடித்து, தலையை உறைபனிப் பெட்டிக் கதவில் மோதினார். மணிக்கட்டைக் கடித்தேன், வாயெல்லாம் ரத்தம். குப்பி என் கைக்கு வந்தபிறகுதான் விட்டேன். தோழி ஒருத்தி அதைச் சோதனைக்குக் கொண்டு ஓடினாள்.

ஐந்தாம் நாள் ஃபெர்கஸ் கூப்பிட்டார். மூக்கில் பெரிய கட்டு.

"நீ கலக்கல. கட்டியில இருக்கறது எலியோட அடையாளம். அந்தச் சனியன் எலிகிட்டயே திருடி மூச்சு விட்டிருக்கு. புத்துநோயோட மூச்சை நாம மருந்தால அழிச்சாலும், நோயாளி உடம்புலேர்ந்து திருடிக்கும் போலிருக்கு."

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது.

"அன்னிக்கு நான் அடிக்கலேன்னா இதெல்லாம் சாக்கடைக்குப் போயிருக்கும், ஃபெர்கஸ்."

"தெரியும்," என்றார். என் முகத்தைப் பார்க்காமல், என் ஆய்வக நுழைவு அட்டையைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.