விரலுக்குத் தெரிந்த பட்டியல்

வியாசர்பாடி படிப்பகத்தின் கிழட்டுக் கம்ப்யூட்டர் திங்கட்கிழமை காலையில் புதுப்பெண் மாதிரி பளிச்சென்று விழித்தது. வைரஸ் பிடித்து ஒரு மாதமாக மயங்கி மயங்கி விழுந்த பெட்டி அது. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பீம்ராவ், பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் மென்பொருள் சிடியை ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஏற்றியிருந்தான். "இது எவன் அப்பன் வூட்டு சொத்தும் இல்லக்கா, எல்லாருக்கும் பொது" என்று அவன் பூரித்தபோது படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் யசோதராவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஏற்றும்போது பழையதையெல்லாம் அழித்துவிடலாமா என்று பெட்டி கேட்டது. "என் லிஸ்ட்டு?" என்றாள். "பிளாப்பில எட்துட்டேன்கா" என்றான். அழித்துவிட்டார்கள்.

இப்போது அந்தப் பிளாப்பியைப் போட்டுத் திறந்தால் ஒரு சொல் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் பக்கம் பக்கமாக ஓடியது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் என்பது ஆங்கில எழுத்தின்மேல் போர்த்திய போர்வைதான். அந்தப் போர்வைக்கு ஃபாண்ட் என்று பெயர். பீம்ராவ் பட்டியலை எடுத்துவைத்தான், போர்வையை மறந்துவிட்டான். இரண்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடிப்போய்ப் பார்த்தான். அங்கிருந்த ஃபாண்ட்டில் அது இன்னும் கேவலமாக வந்தது. திரும்பி வரும்போது மணி பதினொன்று.

"பேஜாராப் பூட்ச்சுக்கா" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

யசோதரா கடிகாரத்தைப் பார்த்தாள். குடியிருப்பை அரசாங்கத்தில் இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். இருநூற்றுப் பதினான்கு குடும்பம். இன்று மூன்று மணிக்குள் பட்டியல் வாரிய ஆபீசுக்குப் போகாவிட்டால் எவன் எவனோ எழுதித் தரும் பேருக்கு வீடு போய்விடும். இருபது நாள் சாயங்காலம் சனங்கள் வரிசையில் நின்று சொல்லச் சொல்ல அவள் நேராகத் தட்டினாள். தாளில் ஒரு வரி எழுதிவைக்கவில்லை. கம்ப்யூட்டர் இருக்கும்போது தாள் எதற்கு என்ற திமிர்தான், வேறென்ன!

காசிமேட்டிலிருந்து மீன்கூடையோடு திரும்பிய அங்கம்மா வாசலில் நின்றாள். அவள் வீடு இன்னும் புருசன் ராசையா பேரில்தான் இருக்கிறது. எட்டு வருசத்துக்கு முன்னால் அவளை விட்டுவிட்டுப் போனவன், இப்போது புது வீடு என்றதும் அண்ணன்காரனை அனுப்பி உரிமை கேட்கிறான். அதனால் தன் பேரைப் போடச்சொல்லி மூன்று நாள் வந்து நின்றவள் அவள்.

"இன்னா யசோ, என் பேரு கீதா?"

யசோதரா திரையையே வெறித்தாள். எம், கியூ, அரைப்புள்ளி, எஃப். கண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மேசைமேல் கிடந்த வலது ஆள்காட்டி விரல் லேசாகத் துடித்தது. அப்புறம் இடது சுண்டுவிரல். அப்புறம் வலது சுண்டுவிரல். தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியதிலிருந்து பன்னிரண்டு வருசமாக இதே கட்டைகளைத்தானே தட்டிக்கொண்டிருக்கிறாள்! எம்மைத் தட்டினால் அ. கியூவைத் தட்டினால் ங. அட, இது அழியவே இல்லையே!

"பீம்ராவ், பேனா எடு."

"இன்னாத்துக்குக்கா?"

"நான் படிக்கிறேன், நீ எழுது."

முதல் வரியிலிருந்து தொடங்கினாள். கண் திரையில், பத்து விரலும் வெறும் மேசையில். விரல் தட்டத் தட்ட வாயில் தமிழ் வந்தது. ஒன்றாம் எண் வீடு, வேம்பு. இரண்டாம் எண், பவுனம்மாள். ஒரு பேரில் தடுக்கினால் கண்ணை மூடி மறுபடி தட்டினாள். பீம்ராவ் தலை நிமிராமல் எழுதினான். அங்கம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு அசையாமல் நின்றாள். அழுகிற மாதிரியும் இருந்தது, சண்டைக்கு நிற்கிற மாதிரியும் இருந்தது.

தொண்ணூற்று ஏழாவது வரி.

"வூட்டு நம்பர் நாப்பத்தாறு பை ரெண்டு. குடும்பத் தலைவி..." யசோதரா வாசல் பக்கம் திரும்பினாள். "அங்கம்மா."

"எங்க? காட்டு."

யசோதரா காட்டினாள். அங்கம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. தமிழாக இருந்தாலும் அவளுக்கு இதே கதைதான். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அந்த வரியின் தொடக்கத்தில் விரலை வைத்து, கடைசிவரை மெள்ள இழுத்துக்கொண்டு போனாள்.

"இம்மாம் நீளமாவா கீது என் பேரு?"

விரலை எடுத்தபோது திரைக் கண்ணாடியில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. பீம்ராவ் துடைக்கக் கையை நீட்டினான்.

"இருக்கட்டும், நீ எழுது" என்று யசோதரா அடுத்த வரிக்குப் போனாள்.