பதினோரு சட்டை, ஒரே பஞ்சு

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் மனித குலத்துக்குச் சாட்சி சொல்லி வந்த புகைப்படம் காலமாகிவிட்டது. இந்தத் துயரச் செய்தி ஒரு புதன்கிழமை மதியம், இன்சூரன்ஸ் கம்பெனியின் மூன்றாவது மாடிச் சாப்பாட்டு அறையில், கையில் கரண்டியுடன் நின்றபடி வெளியிடப்பட்டது. அறையில் ஏழு பேர் இருந்தார்கள். ஒருவரும் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

அறிவித்தவரை அலுவலகத்தில் எல்லோரும் எக்ஸ்ரே என்றுதான் அழைப்பார்கள். விபத்தில் நசுங்கிய கார், தீப்பிடித்த குடோன் என்று இழப்பீடு கேட்டு ஜனங்கள் அனுப்பும் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, எது நிஜம், எது பித்தலாட்டம் என்று சொல்வது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, கண்ணாடியில் யார் தெரிகிறார்கள், உடைந்த டிவியின் பின்னால் இருக்கும் தூசு உடைந்த நாளன்று படிந்ததா என்றெல்லாம் பார்த்துப் பார்த்து, இப்போது மனிதர்கள் சிரித்தால்கூடப் பல்லைத்தான் எண்ணுகிறார்.

"பிலிம் காலத்துல படம்னா சாட்சி. இப்ப படம்னா வெறும் பேச்சு. ஒரு நாளைக்கு ஆயிரம் எடுக்கறான், ஒண்ணையும் நம்ப முடியல" என்றார் எக்ஸ்ரே.

கேஷியர் அம்மா டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "எங்க அப்பா அம்மா கல்யாணப் போட்டோல பின்னாடி பெரிய ஏரி இருக்கு சார். பிலிம் போட்டோதான். ரெண்டு பேரும் சாகற வரைக்கும் ஏரியப் பாத்ததே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எக்ஸ்ரே சிரிக்கவில்லை. அவருடைய போனில் அன்றைய படம் வந்திருந்தது.

அது அவர் அப்பாவின் படம். ஆறு மணி நேர ரயில் தூரத்தில், தம்பி வீட்டில் இருக்கிறார். எட்டு மாதத்துக்கு முன்னால் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது, தம்பி அதை மூன்று நாள் கழித்துத்தான் சொன்னான். அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டார் எக்ஸ்ரே: தினமும் மதியம் ஒரு மணிக்கு, அப்பா சாப்பிடும்போது ஒரு படம் வந்தாக வேண்டும். முதலில் அன்றைய செய்தித்தாளைக் கையில் பிடித்தபடி எடுக்கச் சொன்னார். "உங்க அப்பாவ யாராவது கடத்திட்டுப் போயிட்டாங்களா?" என்று அவர் மனைவி கேட்ட பிறகு செய்தித்தாள் மட்டும் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒரு குறையும் சொல்ல முடியாதபடி படங்கள் வந்தன. குறை சொல்ல முடியாத எதையும் அவருக்குப் பிடிக்காது.

அன்றைய படத்தைப் பெரிதாக்கினார். அப்பாவின் தாடையில், சவரம் செய்யும்போது வெட்டிய இடத்தில், அரிசியளவு பஞ்சு ஒட்டியிருந்தது. முந்தின நாள் படத்தைப் பார்த்தார். சட்டை வேறு, பஞ்சு அதே இடத்தில். அதற்கு முந்தின நாள், கோடு போட்ட சட்டை, பஞ்சு. இன்னும் பின்னோக்கிப் போனார். பதினோரு நாள், பதினோரு சட்டை, ஒரே பஞ்சு. பதினோரு நாளாக அப்பாவுக்குத் தாடியும் வளரவில்லை.

அப்படியானால் இந்தப் பதினோரு நாளில் அப்பா எங்கே? ஆஸ்பத்திரியிலா? முதியோர் இல்லத்தில் தள்ளிவிட்டார்களா? மூன்றாவதாக ஒரு கேள்வியும் வந்தது. தொண்டை வரை வந்த அதை எக்ஸ்ரே தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினார்.

தம்பிக்குப் போன் செய்யவில்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகிற சோதனை சோதனையே அல்ல என்பது தொழில் பாடம். மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"ஒரு போன் போட்டு மாமாகிட்ட குடுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் அவள்.

"குரல நம்பறதா? இப்பல்லாம் யார் குரலையும் மெஷின் பேசுது."

"அப்ப நேர்ல போயி கிள்ளிப் பாத்துட்டு வாங்க."

மறுநாள் விடியற்காலை ரயிலில் கிளம்பினார். வழியெல்லாம் படங்களைப் புரட்டினார். தம்பியைக் கையும் களவுமாகப் பிடிக்கும் காட்சியைப் பல விதமாக ஒத்திகை பார்த்தார். எல்லா ஒத்திகையிலும் தம்பி அழுதான். சிலவற்றில் இவரும் அழுதார். ஏன் என்று யோசிக்காமல் அடுத்த ஒத்திகைக்குப் போனார்.

கதவைத் திறந்தது தம்பியேதான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். காலை டிரிப்பை முடித்துவிட்டு பனியனோடு நின்றான்.

"என்னண்ணே திடீர்னு? அண்ணி வரலையா?"

"அப்பா எங்கடா?"

"உள்ளதான். எங்க போவாரு?"

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். எதிராளிக்கும் அவரே சீட்டுப் போட்டு, எதிராளியின் சீட்டை எட்டிப் பார்த்து, அவரே ஜெயித்துக்கொண்டிருந்தார். தாடையில் பஞ்சு இல்லை. நான்கு நாள் நரைத்தாடி இருந்தது. எக்ஸ்ரே எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாடா" என்றார் அப்பா, வீடே அதிர. "ரயில்ல கூட்டமா?"

அப்பாவின் குரல் எப்போதுமே தெருவுக்குக் கேட்கும். உயிரோடு, கொழுகொழுவென்று இருக்கிறார் என்பது உறுதியானதும் எக்ஸ்ரேவுக்குக் கோபம் திரும்பி வந்தது. போனை எடுத்துப் பதினோரு படங்களையும் வரிசையாக மேஜையில் காட்டினார்.

"இதுக்கு என்னடா சொல்ற?"

தம்பி குனிந்து பார்த்தான். அழவில்லை. "அட, பஞ்சு. அத நான் பாக்கவே இல்லண்ணே."

"கேக்கறதுக்குப் பதில் சொல்லு."

"தினம் ஒரு மணிக்கு தட்டுல வெச்சுட்டு போட்டோவுக்கு உக்காந்தா சோறு ஆறிப்போகுதுன்னு சத்தம் போட்டாரு. மொத்தமா எடுத்துத் தொலைடான்னாரு. ஒரே மூச்சுல ரெண்டு வாரத்துக்கு எடுத்துருவோம். எம் பொண்டாட்டிதான் சட்டை மாத்தி விடுவா. நாலு சட்டை என்னோடது."

"எப்பலேர்ந்து?"

"ஆறு மாசமா."

ஆறு மாதம். இருபத்திரண்டு வருட அனுபவம் கண்டுபிடித்தது கடைசிப் பதினோரு நாளை. அதுவும் ஒரு பிளேடு தவறியதால்.

அவர் அப்பாவிடம் திரும்பினார். "ஏம்ப்பா, நீங்களுமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அப்பா போனைக் கிட்டே இழுத்து, நீலச் சட்டைப் படத்தைத் தொட்டுக் காட்டினார். "இதுல நல்லாருக்கேன்ல?"

மழுப்புகிறார் என்று எடுத்துக்கொண்டார் எக்ஸ்ரே. சின்ன வயதிலிருந்து அப்பா இப்படித்தான். மாட்டிக்கொண்டால் பேச்சை மாற்றுவார். தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சாப்டுட்டுத் திட்டுங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சரி, உண்மையான படம் ஒன்றையாவது இன்று எடுப்போம் என்று அவர் எழுந்து ஜன்னல் பக்கம் நின்றார். வெளிச்சம் சரியாக இருந்தது. நிழல் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது.

"அப்பா, இந்தப் பக்கம் பாருங்க."

அப்பா சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா. இங்க."

எதிராளியின் சீட்டை எட்டிப் பார்த்தார் அப்பா.

மூன்றாவது முறை எக்ஸ்ரே கத்தியே கூப்பிட்டார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தம்பி எழுந்து போய் அப்பாவின் தோளைத் தொட்டு, மெதுவாகத் திருப்பி விட்டான். அப்பா கேமராவைப் பார்த்து, பழகிய சிரிப்பைச் சிரித்தார்.

"அவருக்குக் கேக்காதுண்ணே" என்றான் தம்பி. "விழுந்ததுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சுது. இப்ப ஏழு மாசமா சுத்தமா இல்ல. டாக்டர்கிட்ட காட்டியாச்சு."

எக்ஸ்ரே போனை இறக்கவில்லை. "எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"அப்பாகிட்ட குடுன்னு ஒரு நாள் கேப்பீங்க, அப்ப சொல்லலாம்னு இருந்தேன். நீங்க போட்டோதான் கேட்டீங்க."

போனில் இருநூற்று முப்பத்தாறு படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் அப்பாவின் இரண்டு காதுகளும் தெளிவாகத் தெரிந்தன.