நாலாம் பெட்டி, இருபத்தேழாம் ஸ்பேனர்

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வாய் அதிகம். விமானம் ஏறினாலும் இறங்கினாலும் கடகடவென்று பேசும். ஓடுபாதைக்குப் பக்கத்தில் குடியிருப்பைக் கட்டினால் வேறென்ன நடக்கும்? என் கணவர் பதினாலு வருடமாக விமானப்படையில் இன்ஜின் பார்க்கிறவர். வீட்டு ஜன்னல் கொக்கி மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு விடுப்பிலும் "நாளைக்குப் பாக்குறேன்" என்பார். கடைசியில் நானே அதன் இடுக்கில் ஒரு ஸ்பேனரைச் செருகி வாயை அடைத்தேன்.

அந்த ஸ்பேனர் அவர் வேலை நேரத்தில் மேலே போடுகிற அழுக்கு ஓவராலில் வந்தது. அவருடைய படைப்பிரிவைத் தொலைதூரத் தளத்துக்கு மாற்றி ஒன்றரை வருடம் ஆகிறது. குடும்பங்கள் எல்லாம் இங்கேயே இருக்கிறோம். என்னைப்போல எண்ணெய்க் கறை எடுக்க ஆளில்லை என்று சொல்லி, விடுப்புக்கு வரும்போது ஒரு மூட்டை ஓவராலைத் தூக்கிக்கொண்டு வருவார். அதைப் பாராட்டு என்று நினைத்து ஏமாந்த காலமும் உண்டு. போன தடவை நாலே நாள்தான் இருந்தார்; ஏதோ அவசரம் என்று திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த நாலு நாளில் சோப்புத் தண்ணீரில் கையை வைக்க எனக்கென்ன பைத்தியமா? அவர் போன பிறகுதான் துணியை ஊறவைக்கப் போனேன். முழங்கால் பை கனத்தது.

வீட்டில் அவர் சேர்த்து வைத்திருக்கும் பழைய சாமான் டப்பாவில் இப்படிப் பத்து கிடக்கும். அதில் ஒன்று என்றே நினைத்தேன். கைப்பிடியில் சிவப்பு வளையம் போட்டு, பார்க்க லட்சணமாக இருந்தது. டப்பாவில் போட மனம் வரவில்லை. காலையில் டீ கொதிக்கிற நேரம் அதைத் தொட்டுப் பார்ப்பேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை, அவர் கை பட்ட சாமான் என்று அத்தனை ஏக்கம்.

அதற்கப்புறம் இரண்டு மாதமாக அவர் வரவில்லை. படையில் அந்த ரகச் சரக்கு விமானம் மொத்தம் ஆறு. அதில் இரண்டு விமானங்கள் பழுதுபார்க்கத் தொழிற்சாலையில் கிடக்கின்றன. ஒன்றைப் பிரித்து, அதன் உறுப்புகளை மற்றவற்றுக்குப் போட்டு, இப்போது அது வெறும் கூடு. இரண்டுக்கு எல்லைப் பக்கம் ஓயாத வேலை. மிச்சம் பதினொன்றாம் எண் ஒன்றுதான் சனிக்கிழமை தோறும் விடுப்புக்காரர்களை ஏற்றி வரும். கடைசியாக அவரை இங்கே இறக்கிவிட்டுத் திரும்பியதிலிருந்து அந்தப் பதினொன்று வயிற்றைத் திறந்துகொண்டு ஹேங்கர் கொட்டகையில் நின்றது. ஏதோ ஒரு கருவி காணவில்லையாம். காணாமல் போன கருவி உள்ளே எங்காவது கிடந்து, கட்டுப்பாட்டுக் கம்பியில் சிக்கினால் ஏறின அத்தனை பேர் கதையும் முடிந்தது. கிடைக்கும்வரை விமானம் பறக்காது. கருவி காணாமல் போன அன்று அதில் வேலை செய்த, என் கணவரையும் சேர்த்து, எட்டுப் பேருக்கும் விடுப்பு கிடையாது.

யார் எடுத்தது என்றுகூடத் தெரியவில்லை. கருவிப் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் எண் போட்ட ஓர் இடம் உண்டு; எடுப்பவர் தன் எண் போட்ட பித்தளை வில்லையை அந்த இடத்தில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். திருப்பி வைத்த பிறகு வில்லையை எடுத்துக்கொள்ள வேண்டும். அன்று சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் கருவியும் இல்லை, வில்லையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பத்து நிமிடம் போன். அதில் ஐந்து நிமிடம் அந்தப் பெயர் தெரியாத ஆளைத் திட்டுவதற்கே போகும்.

"எந்தக் கழுதைன்னு தெரியல. கையில கிடைச்சான்னா தோலை உரிச்சிடுவேன்" என்பார். நானும் சேர்ந்து திட்டுவேன். பக்கத்து வீட்டு அக்கா எங்கள் இரண்டு பேரையும் மிஞ்சிவிடுவாள். எட்டுப் பேரில் அவளுடைய கணவர் ரேடியோக்காரரும் ஒருவர். அவளுக்கோ நிறைமாதம். "அவன் கை விளங்காமப் போக" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சபிப்பாள்.

போன ஞாயிறு அவர் குரலில் சுரத்தே இல்லை. "அடுத்த வாரம் றெக்கையையே கழட்டப் போறாங்களாம்மா. தொழிற்சாலைக்குப் போனா வர நாலு மாசமாகும்."

"நாலு மாசமா? அப்படி என்னதாங்க காணாமப் போச்சு?"

"ஒரு ஸ்பேனர்தான். பத்தாம் சைசு. நாலாம் பெட்டி, இருபத்தேழு. சிவப்பு வளையம் போட்டிருக்கும்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். ஸ்பேனரை உருவித் திருப்பினேன். சின்ன எழுத்தில் 4–27 என்று பொறித்திருந்தது.

"என்னங்க..." என்றேன். "நீங்க தேடுற கழுதை கிடைச்சிருச்சு."

ஓவரால் பையில் கிடைத்ததைச் சொன்னதும் அவரே நடந்ததைக் கூட்டிப் பார்த்தார். கருவி காணாமல் போன அன்று சனிக்கிழமை, அவர் விடுப்புக்குப் புறப்படுகிற அவசரம். கை தன் பழக்கத்துக்கு வில்லையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருக்கிறது. ஸ்பேனர் முழங்கால் பையிலேயே இருந்துவிட்டது. இரண்டு மாதமாக இந்த மனுஷன் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"யாருக்காவது தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எனக்கும் ஜன்னலுக்கும்தான்."

"பார்சல்ல அனுப்பு. தரைத் தகட்டுக்கு அடியில கிடந்த மாதிரி எடுத்துக் குடுத்துடறேன். மறு சனிக்கிழமை அங்க இருப்பேன்."

போனை வைத்த கையோடு பழைய துண்டில் ஸ்பேனரைச் சுற்றினேன். யாருக்கு என்ன நஷ்டம்? எட்டுப் பேரும் வருவார்கள், அக்காவுக்கும் துணை கிடைக்கும். எனக்கு அவர் வேண்டும். இந்த வீட்டில், இந்த மேஜையில், எதிரே உட்கார்ந்து டீயை உறிஞ்சிச் சத்தம் போட வேண்டும். பார்சலில் முகவரி எழுதி முடிப்பதற்குள் மறுபடியும் போன் அடித்தது.

"அனுப்பாத. ஆபீசர்கிட்ட சொல்லிட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? ரெண்டு மாசமா இங்க நான் எப்படி இருக்கேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா. ஆனா ஒரு படிவம் இருக்கு. எங்க கிடைச்சுதுன்னு ஒரு கட்டம். அதுல நான் எழுதிக் கையெழுத்துப் போடணும். என் கையெழுத்தை நம்பித்தான் பைலட் ஏறுறான். அதுல பொய் எழுதிட்டு நாளைக்கு நான் எதுல கையெழுத்துப் போடுவேன்?"

"எவ்வளவு நாள் தண்டனை?"

"எனக்கு மட்டும் ஆறு மாசம் விடுப்பு கிடையாதாம்."

நான் பார்சலைப் பிரித்துக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடத்தில் மிச்சம் இருந்தது எல்லாம் அப்படியே போயிற்று.

மறுநாள் காலையில் ஸ்பேனரைக் கொண்டுபோய் இங்குள்ள தளத்தின் வாசல் அலுவலகத்தில் கொடுத்தேன். மேஜையில் இருந்த சார்ஜென்ட் படிவத்தை எடுத்தார்.

"எங்கம்மா கிடைச்சுது?"

"சமையலறை ஜன்னல்ல."

அவர் சிரிக்கவில்லை. 'வீட்டுச் சமையலறை ஜன்னல்' என்று நிதானமாக எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் முதலில் அக்காவிடம் போய்ச் சொன்னேன். சபித்த வாயை அவள் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு, "அப்போ எங்க வீட்டுக்காரரு வருவாருல்ல?" என்று மட்டும் கேட்டாள். வருவார் என்றேன். அவள் அழுதாள். நான் அழவில்லை, எனக்கு அங்கே அழ உரிமையில்லை என்று பட்டது.

சனிக்கிழமை மத்தியானம் பதினொன்றாம் எண் வந்தது. ஜன்னல் கத்து கத்தென்று கத்தியது. மொட்டைமாடிக்கு ஓடினேன். தாழப் பறந்து, தலைக்கு மேல் போய், ஓடுபாதையில் இறங்கியது. நல்லபடியாகத்தான் இறங்கியது. அதற்கும் சந்தோஷப்பட்டேன், அதில் அவர் இல்லை என்பதற்கு வயிறும் எரிந்தது.

ஒரு மணி நேரத்தில் ரேடியோக்காரர் எங்கள் கதவைத் தட்டினார். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் ஒரு மூட்டையை நீட்டினார். "உங்களைத் தவிர யாராலயும் இந்தக் கறை போகாதாம். குடுக்கச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு மனைவியிடம் ஓடினார்.

மூட்டையை அவிழ்த்தேன். மூன்று ஓவரால்கள். மார்பு, இடுப்பு, முழங்கால் என்று ஒரு பை விடாமல் எல்லாப் பைகளையும் வெளியே இழுத்து விட்டிருந்தார். பார்த்ததும் சிரித்துவிட்டேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை.

வாளியில் தண்ணீர் பிடித்தேன். ஆனால் ஊறவைக்கவில்லை. முழங்கால் பையை மட்டும் உள்ளே தள்ளி, அதற்குள் என் கையை விட்டுக்கொண்டு, அடுத்த விமானம் போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.